சக்கரங்களின் மேல் ஒரு கூடாரம்

வாழ்வு ஒரு பயணம் என்று மறையுரைகளிலும் தியானங்களிலும் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிப் போயிற்று. கேட்டுத் தலையசைத்துவிட்டு அவரவர் வீடு திரும்பி, திருஇருதய ஆண்டவர் படத்திற்கு விளக்கேற்றி, கதவைத் தாழிட்டு உறங்கிவிடுகிறோம். அந்த உவமையை எழுத்துப்படியே எடுத்துக்கொண்டு, வீட்டை வண்டியில் ஏற்றி ஓராண்டுக்கு மேல் சாலையிலேயே வாழப் போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது, எங்களை அறிந்தவர்களின் முகத்தில் வியப்பைவிடக் கவலையே மிகுதியாகத் தெரிந்தது.

நாங்கள் இருவரும் முப்பது ஆண்டுகளாக மெல்பேர்ன் நகரில் வாழ்கிறோம். எங்களில் ஒருவர் செவிலியர், மற்றவர் கணக்கர். வயது 54, 56. ஆஸ்திரேலியாவில் இத்தகைய பயணம் புதுமையன்று. பணி ஓய்வு பெற்ற தம்பதியர், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் காரவனிலோ, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த கேம்பர் வண்டியிலோ மாதக்கணக்காகக் கண்டத்தைச் சுற்றி வருவார்கள். 'நரைத்த நாடோடிகள்' என்று அவர்களை இங்கே செல்லமாக அழைப்பதுண்டு. ஆனால் எங்கள் தலை இன்னும் முழுவதும் நரைக்கவில்லை என்பதுதான் உறவினர்களுக்கு உறுத்தலாக இருக்கிறது. கை கால் நன்றாக இருக்கும்போதே வேலையை விடுவதாவது!

கை கால் நன்றாகத்தான் இருக்கின்றன. கண்தான் நன்றாக இல்லை. எங்களில் கணக்கரானவருக்குக் கண் நீர் அழுத்த நோய் இருப்பதாக மூன்று ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். கிளாக்கோமா என்னும் இந்நோய் வலியின்றி, ஓசையின்றி, பெரும்பாலும் பார்வையின் ஓரங்களிலிருந்து தின்னத் தொடங்கும். இழந்த பார்வை திரும்பாது. மீதியைச் சொட்டு மருந்தால் காக்க முயலலாம். வண்டி ஓட்டும் உரிமமும் பார்வைப் புலம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எத்தனை ஆண்டுகள் ஓட்டலாம் என்று மருத்துவரைக் கேட்டோம். அவர் எண் எதுவும் சொல்லவில்லை. இங்கு அரசின் முதியோர் ஓய்வூதியம் 67 வயதில்தான் கிடைக்கும். அதுவரை காத்திருந்தால் வண்டி இருக்கும். ஓட்டும் கண் இருக்குமா?

செவிலியரானவருக்கு வேறொரு காரணமும் உண்டு. இறுதி நாட்களில் இருப்போரைப் பேணும் பிரிவில் அவர் நெடுங்காலம் இரவுப்பணி செய்தவர். விடியற்காலை மூன்று மணிக்கு அந்நோயாளிகள் பேசுவது பெரும்பாலும் ஊர்களைப் பற்றி என்பார். சென்ற ஊர்கள் சில. ஓய்வு பெற்றபின் செல்லலாம் என்று ஒத்திவைத்த ஊர்கள் பல.

ஆகவே திட்டமிடத் தொடங்கினோம். திட்டமிடுதல் என்பது உண்மையில் எண்களோடு மல்லுக்கட்டுதல். இந்நாட்டில் தொழிலாளியின் பெயரில் சேரும் ஓய்வுக்கால நிதியைப் பொதுவாக 60 வயதுக்கு முன் தொட இயலாது. எனவே எங்களில் மூத்தவருக்கு நான்கு ஆண்டுகளும் இளையவருக்கு ஆறு ஆண்டுகளும் கைச்சேமிப்பைக் கொண்டே கடக்க வேண்டும். வீட்டை விற்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என முடிவு செய்து, எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளங்குடும்பத்திற்கு வாடகைக்கு விட இசைந்திருக்கிறோம். வண்டி நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 லிட்டர் டீசல் குடிக்கும். கண்டத்தைச் சுற்றும் முதலாம் எண் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 14,500 கி.மீ. கிளைப்பயணங்களைச் சேர்த்தால் 22,000 கி.மீ. ஆகும் எனக் கணித்தோம். அதாவது 2,640 லிட்டர். உள்நாட்டின் தொலைதூர நிலையங்களில் விலை நகரத்தைவிட மிக அதிகம்.

இதனினும் கடினமான கணக்கு எடைக் கணக்கு. எங்கள் வண்டி சாலையில் செல்லும்போது 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் வண்டியே 2,950 கிலோ. மீதி 550. இதில் எங்கள் இருவரின் எடை 138, நீர்த்தொட்டி நிறைந்தால் 110, டீசல் 60. எஞ்சியது 242 கிலோ. உணவு, உடை, பாத்திரம், படுக்கை, கருவிகள், மடக்கு நாற்காலிகள், எரிவாயு உருளை, மருந்து, நூல்கள் யாவும் இதற்குள் அடங்க வேண்டும். குளியலறைத் தராசைக் கூடத்தின் நடுவில் வைத்து, வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தோம். முப்பது ஆண்டுகளில் சேர்ந்தவற்றுள் தொண்ணூறு விழுக்காடு தராசுவரைகூட வரவில்லை. இட்டிலிக் கொப்பரை தேறிவிட்டது. மாவரைக்கும் கிரைண்டர் 11 கிலோ. அதைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. பாலைநிலத்தில் இசுராயேலர் நாளுக்கு வேண்டிய மன்னாவை மட்டும் சேர்க்கப் பணிக்கப்பட்டதும், மிகுதியாக வைத்தது புழுத்துப்போனதும் விடுதலைப் பயண நூலில் உண்டு. அது கீழ்ப்படிதலைப் பற்றியது என்றே இதுகாறும் எண்ணியிருந்தோம். சுமந்துகொண்டு நடப்பவர்களின் எடைக் கணக்கும் அதில் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சொட்டு மருந்து வெயிலில் கெட்டுவிடும். பிரிக்காத குப்பிகளைக் குளிர்ப்பெட்டியிலேயே வைக்க வேண்டும். ஆகவே குளிர்ப்பெட்டி எங்களுக்கு வசதிப் பொருளன்று. அதை இயக்க மின்கலம், மின்கலத்தை நிரப்பக் கூரைமேல் சூரியத் தகடுகள், தகடுகள் போதாத மழை நாட்களுக்கு மின்னிணைப்புள்ள முகாம் என ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பட்டியல் நீண்டது. ஒரு சிறு குப்பி மருந்துக்காக ஒரு மின்நிலையத்தையே தலையில் சுமக்கிறது எங்கள் வண்டி.

வழியை நாங்கள் தேர்ந்தெடுத்தோம் என்பதைவிடப் பருவம் தேர்ந்தெடுத்தது என்பதே சரி. கண்டத்தின் வடபகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். ஆறுகள் சாலைகளை மூடிவிடும். 2023 சனவரியில் பிட்சுராய் கிராசிங் என்னும் ஊரில் வெள்ளம் பாலத்தையே சிதைத்தது. அவ்வழியே வேறு நெடுஞ்சாலை இல்லாமையால், புதிய பாலம் அவ்வாண்டு டிசம்பரில் திறக்கப்படும்வரை அப்பகுதி மக்கள் பெரும் இன்னலுற்றனர். எனவே உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் மெல்பேர்னிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டு, வறண்ட பருவமான சூலை, ஆகத்து மாதங்களில் வடமேற்கிலுள்ள கிம்பர்லி பகுதியை அடைந்து, மழைக்கு முன் டார்வினைக் கடந்து குயின்சுலாந்து வழியே திரும்புவதாகத் திட்டம். நாளொன்றுக்கு 300 கி.மீட்டருக்கு மேல் இல்லை. மாலை நான்கு மணிக்குப்பின் ஓட்டுவதில்லை. அந்தி மயங்கும் வேளையில் கங்காருகள் சாலைக்கு வரும். மங்கலான ஒளியில் எங்கள் ஓட்டுநரின் கண்ணும் தடுமாறும். 53 மீட்டர் நீளச் சரக்கு வண்டித் தொடர்கள் எதிரே வரும் சாலைகள் அவை.

நல்லர்போர் சமவெளியைக் கடப்பதே எல்லாரும் பேசும் பகுதி. மரமற்றது என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்த பெயர். செடூனாவிலிருந்து நார்சுமன் வரை ஏறத்தாழ 1,200 கி.மீ.; இடையே எரிபொருள் நிலையங்களும் அவற்றையொட்டிய தங்கும் விடுதிகளுமன்றி நகரம் என்று சொல்லத்தக்கது இல்லை. அதில் 146.6 கி.மீ. சாலை சிறு வளைவும் இன்றி நேராகச் செல்கிறது. மேற்கு மாநில எல்லையில் வண்டியைச் சோதித்து, பயிர்நோய் பரவாதிருக்கப் பழம், காய்கறி, தேன், செடி முதலியவற்றை எடுத்துக்கொள்வார்கள். தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வளர்த்துச் செல்லலாம் என்றிருந்த ஆசை வரைபடத்திலேயே பட்டுப்போனது.

இச்சமவெளியைத் திங்களன்று தொடங்கி வியாழனன்று முடிப்பதாக வகுத்தோம். காரணம் ஞாயிறு. வழியில் திருப்பலி எங்கே, எப்போது என்பதை நீலப் பென்சிலால் வரைபடத்தில் குறித்து வருகிறோம். கிம்பர்லி முழுவதையும் தன்னுள் கொண்ட புரூம் மறைமாவட்டத்தின் பரப்பு ஏழு இலட்சம் சதுர கி.மீட்டருக்கு மேல், தமிழகத்தைப்போல் ஐந்து மடங்கினும் அதிகம். அங்குள்ள குருக்களோ மிகச் சிலர். அருள்பணியாளர் இல்லாத இடத்தில் இருப்போர் இறைவார்த்தை வழிபாட்டிலோ, குடும்பமாகச் செபத்திலோ ஈடுபடத் திருச்சபைச் சட்டத்தின் 1248ஆம் எண் பரிந்துரைக்கிறது. இருவர் மட்டும் அமர்ந்து வாசகங்களை வாசிப்பது எப்படி இருக்குமோ தெரியவில்லை. எம்மாவு வழியில் நடந்தவர்களும் இருவர்தாம் என்று எங்கள் பங்குத்தந்தை நினைவூட்டினார்.

பார்க்க விரும்பும் ஆலயங்களும் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் பெனோலா என்னும் சிற்றூரில், 1866 இல் பழைய குதிரை லாயம் ஒன்றில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார் மேரி மக்கிலப். 2010 அக்டோபர் 17 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட இந்நாட்டின் முதல் புனிதர். அவருடைய சகோதரிகள் இரயில் பாதைத் தொழிலாளரையும் சுரங்கத் தொழிலாளரையும் பின்தொடர்ந்து உள்நாட்டுக்குச் சென்று, அவர்கள் வாழ்ந்தவாறே வாழ்ந்தார்கள். குளிர்ப்பெட்டி அவர்களிடம் இல்லை.

புரூமுக்கு வடக்கே பீகிள் பே என்னும் இடத்தில், 1918 இல் கட்டி முடிக்கப்பட்ட திருஇருதய ஆலயத்தின் பலிபீடத்தை முத்துச்சிப்பிகளால் இழைத்திருக்கிறார்கள். முத்துக்குளித்துறையில் பிறந்த எங்களுக்கு அதைக் காணாமல் திரும்ப மனமில்லை. பலோட்டைன் சபையினரும் அம்மண்ணின் முதற்குடிகளும் சேர்ந்து எழுப்பிய ஆலயம் அது. ஆயினும் அங்கே அழகை மட்டும் பார்த்துவிட்டு வர முடியாது. பெற்றோரிடமிருந்து அரசு பிரித்தெடுத்த முதற்குடிப் பிள்ளைகள் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட மறைத்தளங்களுள் அதுவும் ஒன்று. 2008 பெப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கோரியது அத்தகைய பிள்ளைகளிடம். நாங்கள் 'வெட்டவெளி' என்று வரைபடத்தில் காண்பதெல்லாம் யாரோ ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட வீடு என்பதை மறந்துவிட்டுச் சுற்றுவது சுற்றுலாவுக்கும் அழகன்று.

திட்டம் உருப்பெறப் பெற, லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் எங்களை உறங்கவிடவில்லை. பல்லாண்டுகளுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது, இனி உண்டு குடித்து மகிழலாம் என்று தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொண்ட அந்தச் செல்வன், முன்கூட்டியே ஓய்வு பெற்ற ஒருவனல்லவா? அவன் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணினான், நாங்களோ வீட்டைச் சுருக்கி ஒரு வண்டிக்குள் அடக்குகிறோம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தோம். அது முழு உண்மையாகாது. சிறிய வண்டிக்குப் பின்னால் பெரிய சேமிப்பு நிற்கிறது. தொழில் மனிதனுக்காகவே அன்றி மனிதன் தொழிலுக்காக அல்லன் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 இல் தொழிலைப் பற்றிய சுற்றுமடலில் கற்பித்ததை நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டி எங்களுக்காக வாதிட்டார். அதுவும் ஓரளவுதான் ஆறுதல் தந்தது. அச்செல்வனின் பேச்சில் அவனைத் தவிர வேறொருவரும் இல்லை என்பதையே நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

ஆகவே திட்டத்தில் ஒரு திருத்தம் செய்தோம். இந்நாட்டில் செவிலியர் பதிவைத் தக்கவைக்க ஐந்தாண்டுகளில் 450 மணி நேரமேனும் பணியாற்றியிருக்க வேண்டும். உள்நாட்டு மருத்துவமனைகளில் சில வாரப் பணிக்குச் செவிலியர் எப்போதும் தேவைப்படுகிறார்கள். கிம்பர்லியில் ஆறு வாரம் தங்கி எங்களில் ஒருவர் பணியாற்றுவார். மற்றவர் சமைத்து, துணி துவைத்து, பங்கு அலுவலகத்தில் கணக்கு எழுத ஆள் வேண்டுமா என்று கேட்பார். களஞ்சியத்தைப் பற்றிய கேள்வி இதனால் தீர்ந்துவிட்டதாக நாங்கள் எண்ணவில்லை. ஆறு வாரம் நன்றாக உறங்கலாம்.

இன்னொரு வட்டமும் வரைபடத்தில் உண்டு, அது சிவப்புப் பென்சிலால். தூத்துக்குடியருகே ஊரில் அம்மாவுக்கு வயது 87. எந்த ஊரில் இருந்தாலும் ஒரே நாளில் ஒரு விமான நிலையத்தை எட்ட முடியுமா, வண்டியை எங்கே நிறுத்திச் செல்வது என்று ஒவ்வோர் இடத்திற்கும் எழுதி வைத்திருக்கிறோம். எட்ட முடியாத மூன்று கிளைப்பயணங்களை நீக்கிவிட்டோம். அவற்றுள் ஒன்று நாங்கள் மிகவும் விரும்பியது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. வண்டியின் படத்தை அனுப்பியபோது, "உள்ளேருந்து பூட்டிக்கிடலாமாய்யா?" என்று மட்டும் கேட்டார்கள். பூட்டலாம் என்றோம். ராத்திரி செபமாலை சொல்லிவிட்டுப் பூட்டுங்கள் என்றார்கள்.

ஓட்டுநர் இருவராக வேண்டும் என்பதால், சிறு காரன்றி வேறெதையும் ஓட்டியிராத செவிலியர் இப்போது சனிக்கிழமை காலைகளில் ஆலய வளாகத்தில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தப் பழகுகிறார். பங்குத்தந்தை தம் காரை முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுகிறார். அடுத்த பார்வைப் புலச் சோதனை மார்ச்சு மாதம். புறப்படும் நாளை அதற்குப் பின்னரே குறிப்போம்.