கோட்டோரத்து முகம்

உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்கு அதிகமாக ஒன்றும் தெரியாது. பந்தைக் கையால் தொடக் கூடாது, கோல் காப்பவர் மட்டும் தொடலாம் என்ற அளவோடு என் ஞானம் நின்றுவிடுகிறது. ஆகையால், விக்கிரமங்கலத்தில் என் தங்கை மகன் ஊர்ப் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக் கொடுக்கிற திடலில் போய் உட்கார்ந்தபோது நான் ஆட்டத்தைக் கவனிக்கவில்லை. ஆடுகிறவர்களின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன தெரியும்?

அப்படிப் பார்த்ததில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. பந்து காலுக்கு வந்ததும் ஒவ்வொரு பையனும், எதிரே வருகிறவனைப் பார்ப்பதற்கு முன்னால், கோட்டோரத்தில் நின்ற என் மருமகனின் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகுதான் பந்தை உதைத்தான். பதின்மூன்று வயதிருக்கும் ஒரு சிறுவன், கோலுக்கு நேர் எதிரே தனியாக நின்றான். பந்து அவன் காலடியில் கிடந்தது. உதைக்க வேண்டியதுதான் பாக்கி. அவனும் திரும்பிக் கோட்டோரத்தைப் பார்த்தான். அதற்குள் பந்து பறிபோயிற்று.

"கண்ணு எங்கடா இருக்கு ஒனக்கு?" என்று மருமகன் போட்ட கூச்சலில் ஏரிக்கரையில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்துவிட்டன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் வந்திருந்தபோது இவன் இப்படி இல்லை. சிமெண்டு ஆலையில் ஷிப்டு முடிந்து அரியலூரிலிருந்து பஸ் ஏறி வருவான். காபியைக் குடித்துவிட்டு நேரே திடலுக்குப் போவான். அங்கே கோட்டோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். கோல் விழுந்தாலும் அதே முகம். விழாவிட்டாலும் அதே முகம். விக்கிரமங்கலம் சோழர் காலத்து ஊர். பழைய சிவன் கோயிலும் உண்டு, புத்தர் சிலையும் உண்டு. அந்தச் சிலையைப் பார்த்து வளர்ந்த பயல்கள், இவனுக்கு 'புத்தர்' என்றே பட்டப் பெயர் வைத்துவிட்டார்கள். இவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் பக்கத்து ஊர்ப் பந்தயத்தில் இந்தப் பையன்கள் கோப்பை வாங்கி வந்தார்கள். மேளம் கொட்டி வரவேற்பு. கடைத்தெருவில் பயிற்சியாளரின் படம் போட்ட பெரிய பானர். "அடுத்த வருசமும் கோப்பை நமக்குத்தான்" என்று ஊர்ப் பெரியவர்கள் இவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தட்டல்தான் வினையாக முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணே, அந்தக் கோப்பை வூட்டுக்கு வந்ததுலேருந்து இவன் செரியாச் சாப்புடுறதில்ல. தூக்கத்துல கூட 'ஓடு, ஓடு'ங்கறான். நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்" என்றாள் தங்கை. இருபத்திரண்டு பேர் வந்துகொண்டிருந்த திடலுக்கு இப்போது பதின்மூன்று பேர்தான் வருகிறார்கள் என்பதையும் அவளே சொன்னாள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் பேச்சு ஆரம்பமாயிற்று. நான் மெதுவாகத்தான் தொட்டேன். அவன் தயாராக இருந்தான்.

"கண்டிப்பு இல்லேன்னா பயலுவ உருப்படுவானுவளா மாமா? ரஹீம் சாகிப் கதைய சினிமாவா எடுத்திருக்காங்களே, பாக்கலியா நீங்க? அவரு கண்டிப்பா இல்லாமலா இந்தியாவுக்குத் தங்கம் வந்துச்சு?"

2024-இல் வந்த 'மைதான்' படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு சையத் அப்துல் ரஹீமைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தும் இருக்கிறேன். பந்தாட்டத்துக்காக அல்ல, அந்த மனிதருக்காகப் படித்தேன். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர் அவர். அவர் பழக்கிய ஹைதராபாத் நகரப் போலீஸ் குழு 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியபோதும் குழுவின் பொறுப்பில் இருந்தவர் அவரே.

கண்டிப்பானவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கண்டிப்பு எதன்மீது விழுந்தது என்று பாருங்கள். பந்தைத் தானே வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிற பழக்கத்தை ஒழிக்க வேண்டுமா? அப்படி உருட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற விதியுடன் தனிப் பந்தயமே நடத்தினார். வலது காலால் மட்டும் உதைக்கிறவர்களைத் திருத்த வேண்டுமா? பலவீனமான காலால்தான் உதைக்கலாம் என்று இன்னொரு பந்தயம் வைத்தார். குற்றத்தைப் பையனிடமிருந்து எடுத்து விதியின்மேல் வைத்துவிட்டார். விதி கடுமையாக இருந்தால் பையன் விதியோடு மல்லுக்கு நிற்பான். ஆசிரியரின் முகத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. நம்மவர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1956-இல், அதே ரஹீமின் குழு மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காவது இடம் பெற்றது. நெவில் டிசூசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார்.

மெல்போர்ன் போட்டிகள் தொடங்கியது 1956 நவம்பர் 22. மறுநாள் விடியற்காலையில்தான் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. பாலத்தின் ஓரத்து மண்ணை வெள்ளம் அரித்ததற்கு, டில்லியில் இருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமாச் செய்தார். எங்கள் பக்கத்தில் இந்தக் கதை தெரியாத குழந்தை கிடையாது.

"அந்தப் பக்கத்து மண்ணுலதாண்டா நீ வளர்ந்தே. தோத்தா நான்தான் காரணம்னு நீ என்னைக்காவது அந்தப் பயலுங்ககிட்ட சொல்லியிருக்கியா?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. நான் ஜகார்த்தாவுக்கு வந்தேன்.

1962. ரஹீமுக்கு அப்போது உடம்பில் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று இந்தியா தோற்றது. பிறகு தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் என்று ஒவ்வொருவராக வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்தால், எதிரே மறுபடியும் அதே தென் கொரியா. தடுப்பு ஆட்டக்காரரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் ஆறு தையல். கோல் காக்கும் தங்கராஜ், மதராஸ் ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்த தமிழர், காய்ச்சலில் படுத்து எழுந்தவர். போதாக்குறைக்கு, அரசியல் காரணங்களால் ஜகார்த்தாவின் ஜனங்கள் இந்தியர்கள்மேல் கடுங்கோபமாக இருந்தார்கள். அந்த இரவு தூக்கம் வராமல் வெளியே நடந்துகொண்டிருந்த ஆட்டக்காரர்களிடம் ரஹீம் பேசியதை, அவர்களே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கட்டளையாக அவர் எதையும் சொல்லவில்லை. நாளை எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கப் பதக்கம் கொடுங்கள் என்று கேட்டாராம்.

பன்னிரண்டு வருஷம் உத்தரவு போட்ட மனிதர் ஒரு நாள் கை நீட்டினார். 1962 செப்டம்பர் 4. ஏறத்தாழ லட்சம் பேர் எதிராகக் கூச்சல் போட்ட அரங்கத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார். தலையில் கட்டுடன் முன்வரிசையில் நிறுத்தப்பட்ட ஜர்னைல் சிங் இன்னொன்று போட்டார். கொரியாவுக்குக் கிடைத்தது ஒன்றே. 1963 ஜூனில் ரஹீம் காலமானார். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசியப் போட்டியில் பந்தாட்டத் தங்கம் நமக்கு வரவே இல்லை.

"அவரும் மாறுனாருடா. ஆனா, கஷ்டம் முத்த முத்த அவரு எளகினாரு. ஒனக்கு நல்ல காலம் வந்ததும் நீ எறுகிட்டே" என்றேன். சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்றும் இருந்தது.

அவன் வெகு நேரம் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே ஆரம்பித்தான். கைப்பேசியில் இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்க்கிறவன் அவன்.

"செல்சின்னு ஒரு டீம் மாமா. மொரீன்யோ கோச்சு. 2015 மே மாசம் லீக்கையே ஜெயிச்சாங்க. ஆகஸ்டுல அடுத்த சீசன் மொத மேட்ச்சு. அடிபட்டு வுழுந்த பிளேயரப் பாக்க உள்ள ஓடுன சொந்த டீம் டாக்டரம்மாவயே எல்லாரு முன்னாடியும் திட்டிப்புட்டாரு. அப்புறம் ஒண்ணும் வெளங்கல. டிசம்பர்ல, பிளேயருங்க என் ஒழைப்புக்குத் துரோகம் பண்ணிட்டாங்கன்னு சொன்னாரு. அந்த வாரமே அவர அனுப்பிட்டாங்க. இருவது டீம்ல பதினாறாவது எடம். முக்காவாசி அதே பிளேயருங்கதான் மாமா."

"கால் அதே கால்தான்" என்றேன்.

"ஆமா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தோத்துடுவோமோன்னு பயமா இருக்கு மாமா. அந்தப் பயத்தத்தான் அவனுவ மேல கொட்டுறேன் போலருக்கு" என்றான்.

ஒரு பெரிய குழுவின் வீழ்ச்சிக்கு ஒருவருடைய கோபம் மட்டுமே காரணம் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். உடல் அலுப்பு, எதிரிகளின் சாமர்த்தியம், அதிர்ஷ்டம் எல்லாம் உண்டு. ஆனால் தலைவன் ஒருவனின் சுபாவம் மாறும்போது அவன்கீழ் உள்ளவர்களுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்துவிடுகிறது. இன்று அவர் எப்படி இருக்கிறார் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்கிற வேலை. என்றும் கடுமையாக இருப்பவரிடம் அந்த வேலை இல்லை, பழகிவிடுகிறது. நேற்று சிரித்து இன்று சீறுகிறவரிடம்தான் அது முழு நேர உத்தியோகமாகிறது. பாவம், பந்தை எப்போது பார்ப்பார்கள்?

மருமகனுக்குச் சொன்னதில் பாதி எனக்கே சொல்லிக்கொண்டது. என் மகள் சிறுமியாக இருந்தபோது கதைகள் எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டுவாள். யானை பேசும், கிணற்றுக்குள் ராஜா இருப்பான். நான் சிரித்துச் சிரித்துக் கேட்பேன். பிறகு என் நாவல் ஒன்றுக்கு நல்ல பெயர் வந்தது. அடுத்ததும் அப்படியே வர வேண்டுமே என்ற கவலையும் கூடவே வந்தது. அந்த நாட்களில் நோட்டுப் புத்தகத்துடன் வாசற்படியில் வந்து நிற்பாள். முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சில நாள் படிப்பாள். பல நாள் திரும்பிப் போய்விடுவாள். நான் அவளைத் திட்டியதே இல்லை என்று வெகு காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவள் எழுதுவதில்லை.

மறுநாள் மாலை நானும் திடலுக்குப் போனேன். மருமகன் பழையபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அதே சிறுவனுக்குப் பந்து வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். மருமகன் வேண்டுமென்றே முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டான். பையன் திகைத்துப்போனான். பந்து பறிபோயிற்று. கூச்சல் எழவில்லை. எல்லாப் பையன்களும் இன்னும் அதிகமாகப் பயந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

திரும்பி வரும்போது, "எத்தன நாளாவும் மாமா?" என்று கேட்டான்.

"நீ மாற எத்தன நாளாச்சு?"

"ஒரு வருசம் இருக்கும்."

"அப்படின்னா அதுக்கு மேலயே ஆகும்" என்றேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மகளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த யானை கடைசியில் என்ன பேசிற்று என்று கேட்டு எழுதலாம். அவளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேலாகிறது. பதில் வருவதற்கு எத்தனை நாள் ஆனாலும் அதைக் குறைசொல்ல எனக்கு அருகதை இல்லை.