ரம்பத்தைக் குளிப்பாட்டுகிறவர்

என் மாப்பிள்ளைக்கு பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் வேலை. பிளேன் கம்பெனி. பெண்ணையும் பேத்தியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று போன அக்டோபரில் போயிருந்தேன். முதல் வாரம் பேத்தியைக் கொஞ்சினேன். இரண்டாவது வாரம் அவள் ஸ்கூலுக்குப் போய்விட்டாள்; டி.வி.யைப் பார்த்தேன். எல்லாம் பிரெஞ்சு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'மெர்சி' ஒன்றுதான். எத்தனை நேரம்தான் டி.வி.க்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பது?

"போரடிக்குதா மாமா? என் ஃப்ரெண்ட் ஒருத்தர் நாளைக்கு கார்கசோன் பக்கம் மரம் வெட்டப் போறார். இங்கிலீஷ்காரர். கூடப் போயிட்டு வாங்களேன்" என்றார் மாப்பிள்ளை.

"மரம் வெட்டறதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"சாதாரண மரம் இல்லை மாமா. பிளேன் மரம்!"

ஆபீஸ் ஞாபகத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். இல்லை. இங்கிலீஷில் அந்த மரத்துக்குப் பெயரே அதுதான். பிரெஞ்சில் பிளாத்தான்.

காலை ஆறரைக்கு வாசலில் வேன் வந்து நின்றது. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். யார்க்ஷயர்க்காரர். கை இரண்டும் உரல் உலக்கை மாதிரி. ஏறி உட்கார்ந்ததும், "டிரீ சர்ஜன்" என்று கை கொடுத்தார். ஆஹா, மர டாக்டர்! நானும் மரியாதையாக, "நமஸ்காரம் டாக்டர்" என்றேன்.

"அதெல்லாம் இங்கிலாந்தோட சரி. இங்கே என் பேர் எலாகர். கிளை கழிக்கிறவன்னு அர்த்தம். கடலைத் தாண்டினதும் டாக்டர் பட்டம் போச்சு, முடி திருத்துகிறவன் ஆயிட்டேன்" என்றார்.

2004-ல் வந்தவராம். வெயிலுக்கு ஆசைப்பட்டது அவர் மனைவி. வந்த புதிதில் பாஷை தெரியாமல் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிரெஞ்சில் மின்னல் வேகத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்துக்கு 'த்ரோன்ஸொனேஸ்' என்று பெயர். "அதைச் சொல்லக் கத்துக்கிறதுக்குள்ள பத்து மரம் வெட்டிடலாம்" என்கிறார். சும்மா சிரிக்கிற விஷயமில்லை. இவர் மரத்தின் மேலே. கயிறு பிடிக்கிற உதவியாள் கீழே. 'தள்ளு' என்பதை அவன் 'நில்லு' என்று புரிந்துகொண்டால் தீர்ந்தது. அதனால் முதல் வருஷம் விசில்தான் பாஷை. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் இறக்கு. பிறகு இங்கிலாந்து ஐரோப்பிய யூனியனிலிருந்து விலகியபோது, இங்கேயே பல வருஷம் வரி கட்டிக்கொண்டிருந்தவர் புதிதாகக் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று. "மரத்துக்குக்கூட அத்தனை நம்பர் கேக்க மாட்டாங்க" என்றார்.

ஒரு பாலத்தில் வேன் திரும்பியது. கீழே கால்வாய்.

இந்தக் கால்வாய்க்கு மிதி என்று பெயர். மிதி என்றால் பிரெஞ்சில் தெற்கு. 240 கிலோமீட்டர் நீளம். ரிக்கே என்ற உப்பு வரி வசூல் அதிகாரி 1666-ல் ஆரம்பித்து, சொந்தப் பணத்தையும் கொட்டி வெட்டினார். 1681-ல் திறப்பு விழா. பாவம், அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் கண்ணை மூடினார். பல வருஷங்கள் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரை நெடுகப் பிளேன் மரங்களை வைத்தார்கள். மொத்தம் 42,000. இரண்டு கரை மரங்களும் மேலே கை கோர்த்துக்கொள்ள, நடுவில் பச்சை வெளிச்சத்தில் படகு போகிற காலண்டர் படம் பார்த்திருப்பீர்கள். அது இந்த இடம்தான்.

நான் பார்த்தபோது ஒரு கரையில் மரமே இல்லை. மொட்டைப் புல். நடுநடுவே குச்சி கட்டிய இளங்கன்றுகள்.

"இப்படித்தான் பாதிக்கு மேல போயாச்சு" என்றார் டாக்டர். நான் அவரை டாக்டர் என்றே சொல்வதாகத் தீர்மானித்துவிட்டேன்.

காரணம் ஒரு பூஞ்சைக் காளான். இரண்டாம் உலக யுத்த முடிவில் அமெரிக்க ராணுவத்தின் வெடிமருந்துப் பெட்டி மரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது என்று நம்பப்படுகிறது. இந்தக் கால்வாய்க் கரையில் அது கண்டுபிடிக்கப்பட்டது 2006-ல். மரத்தில் சின்னக் காயம் கிடைத்தால் போதும், உள்ளே நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். சில வருஷங்களில் மரம் காலி. மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தையும் அதன் அண்டை மரங்களையும் வெட்டி அழிக்க வேண்டும் என்பது சட்டம். படகுக்காரர்கள் மரத்தில் கயிறு கட்டும்போது உராய்கிற காயத்தில் போகும். அடியில் கோத்துக்கொண்டிருக்கும் வேர் வழியாகப் போகும். அப்புறம் இன்னொரு வழி. அதைச் சொல்லும்போது டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார்.

"ரம்பம்."

அன்றைய மரம் ஒரு வீட்டை ஒட்டி நின்றது. பெரிய மெஷின் உள்ளே வர இடமில்லை. அதனால்தான் இவருக்கு அழைப்பு. என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, வேலிக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு வேனின் பின்கதவைத் திறந்தார். என் பெண் கல்யாணத்துக்கு நான் வாங்கின சீர்வரிசையைவிட அதிக சாமான்!

ரம்பங்களே நாலு. உலகத்து மரவெட்டிகள் இரண்டு ஜாதி. ஜெர்மனியின் ஸ்டீல், ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா. நம் ஊரில் எம்.ஜி.ஆர். ரசிகர், சிவாஜி ரசிகர் மாதிரி. ஹஸ்க்வர்னா 1689-ல் ராணுவத் துப்பாக்கி செய்ய ஆரம்பித்த தொழிற்சாலை. தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் எல்லாம் செய்து பார்த்துவிட்டு ரம்பத்துக்கு வந்தது. ஸ்டீல் 1926-ல் செய்த முதல் ரம்பம் அறுபது கிலோவுக்கு மேல் எடை, தூக்க இரண்டு ஆள், ஓடினது மின்சாரத்தில். டாக்டர் முப்பது வருஷம் பெட்ரோல் ரம்பம் பிடித்தவர். "பெட்ரோல் வாசனை இல்லாத ரம்பம் ஒரு ரம்பமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். இப்போது மரத்தின் மேலே பாட்டரி ரம்பம்தான். அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பட்டனை அமுக்கினால் போதும். மத்தியானம் தூங்குகிற கிராமத்துக்காரர்களும் திட்டுவதில்லை.

"ஆனா ஒண்ணு. பெட்ரோல் ரம்பம் உறுமிக்கிட்டே இருக்கும், எங்கே இருக்குன்னு தெரியும். இது பூனை மாதிரி சும்மா தொங்கும். மறந்து போய் விரலை வச்சா..." என்று நிறுத்தினார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

அப்புறம் ஜப்பான் கைரம்பம் ஒன்று. இழுக்கும்போதுதான் வெட்டும், தள்ளும்போது வெட்டாது. கைத்தடிமன் கிளைகளுக்கு அதுதானாம். இடுப்பில் இரண்டு பிடிமானம். ஒன்று ஏறுகிற கயிறு. இன்னொன்று உள்ளே எஃகுக் கம்பி ஓடும் குட்டைக் கயிறு. ரம்பம் தவறி ஒன்றை அறுத்தாலும் இன்னொன்று தாங்க வேண்டும். கால்சட்டையில் அடுக்கடுக்காக நூல். ரம்பம் பட்டால் நூல் பிய்ந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மெஷின் நின்றுவிடும். காலின் முன்பக்கம் மட்டும் நூல் வைத்தது ஒரு வகை, சுற்றிலும் வைத்தது இன்னொரு வகை. மரம் ஏறுகிறவன் ரம்பத்தை எந்தக் கோணத்திலும் பிடிப்பான், அதனால் சுற்றிலும் வைத்ததுதான் வேண்டும். ஜூலை மாசம் 38 டிகிரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஏறினால்? "ரெண்டு காலும் இட்லிக் கொப்பரை" என்று நான் மொழிபெயர்த்தேன்.

நம் ஊர்ப் பனையேறிகள் காலில் ஒரு தளை, இடுப்பில் ஒரு அரிவாளோடு ஏறுவதைச் சொன்னேன். அவர் முகத்தில் முதலில் வியப்பு, அப்புறம் பயம். "இன்ஷூரன்ஸ்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முள் வைத்த இரும்புக் கொக்கிகளை பூட்ஸில் மாட்டிக்கொண்டார். வெட்டப்போகிற மரத்துக்கு மட்டும்தான் அது. வாழப்போகிற மரத்தில் முள் குத்தி ஏறினால் அடிக்கு ஒரு காயம். அங்கே கயிறு மட்டும்தான். அமெரிக்காவில் ஷைகோ என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். 2006-ல் காலமானார். ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்துச் சொன்னார்: மரம் நம்மைப் போலக் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது. நம் உடம்பில் வெட்டின இடம் மறைந்துபோகும். மரத்தில் அது கடைசிவரை உள்ளே இருக்கும். இதைச் சொல்லிவிட்டு டாக்டர் மேலே ஏறினார்.

கீழே முழுக்க தார்பாலின் விரித்திருந்தார்கள். ஒரு சிட்டிகை மரத்தூள்கூட மண்ணில் விழக்கூடாது, அதிலும் நோய் இருக்கிறது. கிளைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறங்கின, கல்யாண வீட்டில் பந்தல் பிரிப்பது போல. மூன்று மணிக்கு மரம் இல்லை. பேத்திக்குக் காட்டலாம் என்று, தார்பாலின் ஓரத்திலிருந்து ராணுவ உடுப்பு மாதிரி திட்டுத் திட்டாக இருந்த ஒரு பட்டைத் துண்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

வேலை முடிந்தது, கிளம்பலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் ஆரம்பித்தது.

ரம்பத்தின் பக்க மூடியைக் கழற்றினார். சங்கிலியைக் கழற்றினார். உள்ளே அடைந்திருந்த தூளை பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தார். ஆல்கஹால் மருந்தை அடித்தார். காத்திருந்தார். மறுபடி அடித்தார். இப்படி ஒவ்வொரு ரம்பமும். கொக்கி, பூட்ஸ், ஹெல்மெட், இடுப்புவார். கயிறு மட்டும் தனி. பிளேன் மரத்துக்கென்று ஒரு கயிறு, மற்ற மரங்களுக்கு வேறு கயிறு. இரண்டும் ஒரே பையில் இருக்காது. கடைக்காரன் குதிரைசக்தி பற்றிப் பேசுவானாம். இவர் முதலில் கேட்பது, "மூடிக்கு எத்தனை நட்டு? கழற்றினால் கீழே விழுமா?"

"இவ்வளவு வேணுமா டாக்டர்?" என்றேன்.

பிரஷ்ஷை நிறுத்தினார்.

"ஒரு கிராமத்துச் சதுக்கம். பதினோரு பிளேன் மரம். நடுவில ஒரு காபிக் கடை. 2009-ல நான்தான் கிளை கழிச்சேன். ரம்பத்தைத் துடைச்சேன், மருந்து அடிச்சேன். மூடியைக் கழற்றினேனான்னு ஞாபகம் இல்லை. 2012-ல ஒரு மரம் மஞ்சளாச்சு. அப்புறம் பதினொண்ணும் போச்சு."

"உங்க ரம்பத்தாலன்னு எப்படிச் சொல்ல முடியும்? வேற யாராவது..."

"சொல்ல முடியாது. அதேதான். இல்லைன்னும் சொல்ல முடியாது. கடைக்காரர் இன்னிக்கும் எனக்குக் காசு வாங்காம காபி குடுக்கறார். வெயில்ல உட்கார்ந்து குடிக்கிறேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையும் அங்கே பொருந்தவில்லை.

இருட்டிவிட்டது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நாலாவது ரம்பத்தை முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "செருப்பைக் கழற்றுங்க" என்றார்.

கழற்றினேன். கோயில் வாசலில் கழற்றுகிற பழக்கம், கூச்சமில்லை. அடிப்பக்கத்தைச் சுரண்டி மருந்து அடித்தார்.

"பாக்கெட்ல என்ன?"

வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி பட்டையை எடுத்து நீட்டினேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தார்பாலின் மூட்டைக்குள் போட்டார். என் கை இரண்டையும் பிடித்து மருந்து அடித்தார். பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு அதற்கும் அடித்தார்.

வீட்டுக்குப் போகும்போது மணி ஒன்பதரை. பேத்தி தூங்காமல் காத்திருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டவள் மூக்கைச் சுளித்தாள்.

"தாத்தா, உன் மேல ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது!"