ஒன்பதே கால் மணி

மோட்டார் ரூமை ஒழிக்கும்போது அப்பாவோட மூணு பேண்டு ரேடியோ கிடைச்சுது. உள்ளே பல்லி முட்டை. செல் போட்டா மூச்சே இல்லை.

டவுன் மெக்கானிக் அண்ணன் பிரிச்சுப் பார்த்தார். "ஏசி 188 போயிருச்சு தம்பி. ஜெர்மானியம். 0.2 வோல்ட்டுல வேலை செய்யும். சிலிக்கானுக்கு 0.6 வேணும், சும்மா மாத்திப் போட முடியாது" என்றார். ஜோடியான ஏசி 187-ம் சேர்த்து வேணுமாம். கண்டன்சர் மட்டும் புதுசாக் கிடைச்சுது.

மூணு ஞாயிறு உக்கடம் பழைய சாமான் கடைகள்ல அலைஞ்சேன். கடைசியில டயல் உடைஞ்ச செத்த ரேடியோ ஒண்ணு, 150 ரூபாய். அதோட வயித்துல ரெண்டும் உயிரோட இருந்துச்சு.

ராத்திரி சரியா ஒன்பதே காலுக்கு அப்பா சிற்றலையைத் திருப்பினார். இரைச்சல், ஏதோ பாஷைப் பாட்டு. பிபிசி தமிழோசை சிற்றலையில 2017 ஏப்ரலோட நின்னுபோச்சு. நம்ம ரேடியோ அதுக்கும் முன்னாடியே படுத்துட்டதால அவருக்குத் தெரியாது.

"இன்னைக்கு மேகமா இருக்குடா, நாளைக்கு எடுக்கும்" என்றார்.

தலையாட்டினேன். நாலு நாளாச்சுங்க, இன்னும் சொல்லலை.