தொப்பியில் ஒரு கேமரா

2007 மார்ச் 19. சான் பிரான்சிஸ்கோவில் 23 வயது ஜஸ்டின் கான் தன் தொப்பியில் ஒரு கேமராவை மாட்டிக்கொண்டார். முதுகுப் பையில் கம்ப்யூட்டர். சாப்பாடு, நடை, அரட்டை, தூக்கம் என்று 24 மணி நேரமும் அவரது வாழ்க்கை இண்டர்நெட்டில் நேரடியாக ஓடத் தொடங்கியது. ஜஸ்டின் டாட் டிவி என்று பெயர். அதற்கு முந்தைய ஆண்டுதான், நண்பர் எம்மெட் ஷியருடன் சேர்ந்து உருவாக்கிய இண்டர்நெட் காலண்டரை இ-பே ஏலத்தில் 2,58,100 டாலருக்கு விற்றிருந்தார். மைக்கேல் சீபெலும் கைல் வோக்ட்டும் சேர, நால்வர் கம்பெனி தயார்.

பார்க்க வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. யாரோ விளையாட்டாகப் பொய்ப் புகார் கொடுக்க, போலீஸ் துப்பாக்கியை நீட்டியபடி ஜஸ்டினின் வீட்டுக்குள் நுழைந்தது. அதுவும் நேரடி ஒளிபரப்பு. மற்றபடி, இன்னொருவர் பல் தேய்ப்பதை எத்தனை நாள்தான் பார்ப்பது? அந்த ஆண்டு முடிவதற்குள் ஜஸ்டின் கேமராவைக் கழற்றிவிட்டார். ஆனால் அவர் வாழ்க்கையை ஒளிபரப்பிய கருவி தங்களுக்கும் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். கதவு எல்லோருக்கும் திறக்கப்பட்டது.

திறந்த பிறகுதான் தொழிலின் சிக்கல் புரிந்தது. டிவி கோபுரத்துக்கு ஒருவர் பார்த்தாலும் ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் செலவு ஒன்றுதான். இண்டர்நெட்டிலோ ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனியாகக் காட்சியை அனுப்ப வேண்டும். கூட்டம் கூடக் கூட பில் எகிறும். செலவைக் கட்டுப்படுத்த இளைஞர்கள் சொந்தமாகவே சர்வர்களை அமைத்துக்கொண்டார்கள்.

பணக் கணக்கைச் சரிசெய்ய வழி இருந்தது. 2008 நவம்பரில் நடந்ததற்கு அப்படி எந்த வழியும் இல்லை. ஃப்ளோரிடாவில் 19 வயது இளைஞர் ஒருவர் இதே தளத்தில், கேமராவின் முன்பு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பார்த்தவர்களில் சிலர் தூண்டிவிட்டனர். சிலர் நடிப்பு என்று நினைத்தனர். விளையாட்டுக்குப் போலீசை அழைக்கத் தெரிந்தவர்களின் தளம் அது. உண்மையிலேயே அழைக்க வேண்டிய அன்று, போலீஸ் வந்து சேரும்போது பல மணி நேரம் கடந்திருந்தது.

கம்பெனி வளர்ந்தது. வீடியோ விளையாட்டுப் பிரியரான ஷியர், தளத்தில் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு ஒளிபரப்புகளைக் கவனித்தார். 2011 ஜூனில் அவற்றுக்கென்றே தனியாக 'ட்விட்ச்' பிறந்தது. அடுத்தவர் விளையாடுவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு 2014 ஆகஸ்டில் பதில் கிடைத்தது. அமேசான் சுமார் 97 கோடி டாலர் கொடுத்து அதை வாங்க முன்வந்தது. அதே மாதம்தான் தாய்த் தளமான ஜஸ்டின் டாட் டிவி மூடப்பட்டது.

பழைய பிரச்னைகள் மட்டும் கூடவே வந்தன. காட்சியை அனுப்பும் செலவு தாங்காமல் 2024 பிப்ரவரியில் ட்விட்ச் தென் கொரியாவிலிருந்து வெளியேறியது. இன்னொன்று இதைவிடக் கனமானது. 2019 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகரில் யூத வழிபாட்டுத் தலத்தைத் தாக்கியவன், தன் வெறிச்செயலை ட்விட்சில் நேரடியாகக் காட்டினான். அந்த நேரத்தில் பார்த்தவர்கள் ஏறக்குறைய 5 பேர் என்றது கம்பெனி. நீக்கப்படுவதற்கு முன்பிருந்த அரை மணி நேரத்தில், பதிவைத் தேடி வந்து பார்த்தவர்கள் சுமார் 2,200 பேர்.