பழவேற்காட்டில் ஒரு பகல்

கோடம்பாக்கத்தில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகங்கள் பற்றிப் பேசும் நண்பர்கள் ஐவர், சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிறன்று பழவேற்காடு சென்றுவந்தோம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்தொடர் வண்டியில் பொன்னேரி வரை; பிறகு பேருந்து. இத்தனை அருகில் இருந்தும் எங்களில் மூவர் அதுவரை அவ்வூரைப் பார்த்ததில்லை.

புறப்படுமுன் எல்லோரும் கேட்டது படகுச் சவாரியைப் பற்றித்தான். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே உல்லாசப் பயணம் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. ஆனாலும் கரையில் நின்று கேட்போர் குறையவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் பேரம் பேசிக்கொண்டிருந்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமல், "மீனுக்குத்தாம்பா படகு, ஆளுக்கு இல்ல" என்றார். நாங்கள் கேட்கவிருந்ததைக் கேட்காமலே நகர்ந்தோம்.

டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பராமரிப்பில் ஒழுங்காக இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இரண்டு வரவேற்கின்றன. (எங்கள் குழுவின் கவிஞர் அவற்றோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.) உள்ளே கப்பல்களும் குலச்சின்னங்களும் செதுக்கிய, நேர்த்தியான கற்கள். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் இதே துறையிலிருந்து துணியோடு அடிமைகளும் கப்பலேறி பத்தாவியாவுக்குச் சென்றனர். பஞ்சக் காலங்களில் மனிதரின் விலை குறைந்தபோது அந்த ஏற்றுமதி பெருகியது. அவர்களுக்கு இங்கே ஒரு கல்கூட இல்லை. துணியின் புகழ் மட்டும் நிலைத்திருக்கிறது: மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் கைக்குட்டையை 'பாலியகாத்தே' என்கிறார்கள். அது இவ்வூரின் பெயரே.

ஊருக்குள் சின்னப் பள்ளிவாசலில் நூறாண்டு கடந்த சூரிய கடிகாரம் ஒன்று உண்டு. இஸ்லாமியப் பெண்கள் சாயமேற்றிய பனையோலையில் பெட்டி முடைகிறார்கள், ஆளுக்கொன்று வாங்கினோம். பூநாரைகள் வெகுதொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. இளஞ்சிவப்பு என்பது தொலைநோக்கி வைத்திருந்தவருக்கு மட்டுமே.

நாங்கள் நெடுநேரம் நின்றது ஏரிக்கரையில்தான். இந்த உவர்நீர் ஏரி இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. இறால் கடலில் பிறந்து, குஞ்சாக முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழைந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துவிட்டால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். கோடையில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறி மீன்கள் செத்து மிதக்கும். அதனால்தான் முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்கும்படி மீனவர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்தனர்.

முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் யார், எந்த நாளில் வலையிடுவது என்பதற்கு இங்கே 'பாடு' என்றொரு பழைய முறை இருக்கிறது. குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று எனக்கு நல்ல இடம், நாளை உனக்கு. பொதுச் சொத்தைச் சண்டையின்றிப் பகிர்வதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை என்று ஆய்வாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். நாங்களும் அந்த வியப்போடுதான் போனோம். ஆனால் குலுக்கலில் பெயர் சேர ஒருவர் பட்டினவராக, பாட்டுரிமையுள்ள குப்பத்தில் பிறந்திருக்க வேண்டும். ஏரியை நம்பியிருக்கும் தலித்துகளும் இருளர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

பிற்பகலில் இருளர் பெண்கள் நால்வர் ஆழமில்லாத நீரில் அமர்ந்தவாறே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். இரு கையும் நீருக்குள் இருப்பதால் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். கரையேறியதும் வியாபாரி ஒருவர் எடை போட்டு வாங்கினார். "எவ்வளவு நேரம்மா தண்ணியில இருந்தீங்க?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். "காலையில எறங்கினது, சார்" என்றார் அவர்களில் மூத்தவர், விரலில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.