கிடங்குக்கு இருந்த காவல்

ஆவடியில் மாமா அரிசிக் கிடங்கில் வேலை பார்த்தார். மூட்டை அடுக்குகளைக் கெட்டித் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் நீள மணல் பைகளை அழுத்தி வைத்து, உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைப் போடுவார்கள். காற்றின் ஈரம் பட்டால் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். வண்டு, எலி எதுவும் மிஞ்சாது. கதவில் மண்டையோட்டுப் படம் தொங்கும். நாள் கணக்கில் பூட்டிக் கிடந்து, திறந்து காற்றாடவிட்ட பிறகுதான் ஆள் உள்ளே போவார். மருந்து போட்ட அன்று மாமா குளிக்காமல் எங்களைத் தொடமாட்டார்.

2024 நவம்பரில் குன்றத்தூர்ச் செய்தியைப் படித்தபோது அந்தக் கதவுதான் கண்முன் நின்றது. சேக்கிழார் பிறந்த ஊர், பூந்தமல்லிக்குப் பக்கம். எலித் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் தனியார் நிறுவனத்தைக் கூப்பிட்டு வீட்டில் எலி மருந்து வைத்தது. ராத்திரி ஏ.சி. போட்டுப் படுத்தார்கள். 6 வயதுப் பெண்ணும் 1 வயதுப் பையனும் இறந்துபோனார்கள். பெற்றவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அரிசி மூட்டைக்கு இருந்த காவல் அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. இதை எப்படி எழுதினாலும் நெஞ்சு ஆறவில்லை.

கைக்குழந்தை நிமிடத்துக்கு 30 தடவையாவது மூச்சு விடும், நாம் அதில் பாதிதான். உடம்பு எடைக்குக் கணக்குப் போட்டால் அதே காற்றில் நம்மைவிட அதிக நஞ்சு அதற்குள் போகிறது. போதாததற்குத் தரையில் தவழும், தொட்ட கையை வாயில் வைக்கும்.

திருமழிசைப் பக்கம் கீரை பறிக்க வரும் அம்மாக்கள் பிள்ளையை வரப்பில் துணி விரித்துப் போட்டிருப்பார்கள். நாலு பாத்தி தள்ளி ஒருவர் முதுகில் ஸ்பிரேயரோடு மருந்தடிப்பார். மோனோகுரோட்டோபாஸ் மாதிரி மருந்துகள் நரம்பை ஓயவிடும் நொதியை முடக்கிவிடும்: எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு முட்டும். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில், பள்ளி மதிய உணவில் அது கலந்து 23 குழந்தைகள் செத்தார்கள்.

மாமாவின் மாத்திரைக்கே திரும்புகிறேன். 2010இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வீட்டை ஒட்டிய புல்தரை வளைகளில் அதைப் போட்டார்கள். வாயு வீட்டுக்குள் கசிந்தது. 4 வயது அக்காவும் 15 மாதத் தங்கையும் போய்விட்டார்கள். அதன்பிறகு வீடுகளின் அருகே அதைப் போடக் கூடாதென்று அந்த நாடு தடுத்தது. நம் நாட்டிலும் 1968லேயே பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்துவிட்டது. டப்பாவில் சாய்சதுரம் அச்சிட்டிருக்கும், கீழ்ப்பாதி சிவப்பென்றால் கொடிய நஞ்சு; மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை படிப்படியாகக் குறையும்.

போன மாதம் அம்பத்தூரில் எங்கள் அடுக்ககத்துக்குக் கரப்பான் மருந்தடிக்க ஒரு தம்பி வந்தான். கையில் பழைய தண்ணீர் பாட்டில், உள்ளே வெள்ளைக் கரைசல்.

"வாசனையே வராதுக்கா. குழந்தை இருந்தாலும் ஒண்ணும் ஆகாது."

பக்கத்து வீட்டு அக்கா வாசலை மறித்து நின்றார். "டப்பா எங்கே தம்பி? லேபிளைக் காட்டு. எத்தனை மணி நேரம் வெளியே இருக்கணும்னு எழுதிக் கொடு."

அவனிடம் டப்பா இல்லை. எடுத்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.