பாலம் கடக்கும் நேரம்

'நேரமில்லை' என்பதைப் போல் கௌரவமான வார்த்தை இந்தக் காலத்தில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. கையில் பணமில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறோம். நேரமில்லை என்று சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகூட நிற்கிறோம். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடமாவது சற்றுத் தயங்கித்தான் சொல்கிறோம். அவர் மனம் நோகுமே என்ற பயம். தயக்கமே இல்லாமல் இந்த வார்த்தையை நாம் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் வாசலில் வந்து நின்று மணி அடிப்பதில்லை, 'ஏன் வரவில்லை?' என்று போனில் கேட்பதில்லை. கடவுளிடம் கடன் பாக்கி வைப்பது சுலபம்.

நான் பிறந்து வளர்ந்தது திருச்சி பாலக்கரை. வாக்கப்பட்டு வந்து, பல வருஷங்களாக ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் கிறிஸ்தவள். இந்த ஊரில் இருப்பவர்களுக்கு நேரத்தைப் பற்றி ஒரு பாடம் தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய கோவிலில் விடிகாலையில் விசுவரூப சேவை. யானை வந்து நிற்கும், பசு வந்து நிற்கும், வீணை வாசிப்பார்கள், திரை விலகும். அன்றைக்கு மழையா, தேர்தலா, கும்பல் உண்டா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. அவகாசம் கிடைத்தால் ரங்கநாதரை எழுப்பலாம் என்று எந்தப் பட்டரும் காத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வேளை வைத்தாயிற்று, வேளை வந்தால் காரியம் நடக்கிறது. அவ்வளவுதான்.

எங்கள் மதத்திலும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. மூவேளை ஜெபம் என்று பெயர். காலை, நண்பகல், மாலை என்று மாதா கோவில் மணி மும்மூன்றாக அடிக்கும். மரியன்னைக்குத் தேவதூதர் மங்கள வார்த்தை சொன்னதை நினைத்துச் சொல்லும் சின்ன ஜெபம். இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். இதில் நண்பகல் மணி 1456-ஆம் வருஷம் மூன்றாம் கலிஸ்துஸ் என்ற பாப்பரசர் இட்ட கட்டளையிலிருந்து வந்தது என்பார்கள். நண்பகல் என்பது யாருக்கும் ஓய்வான நேரமல்ல. அடுப்பு எரிகிற நேரம், கடையில் வியாபாரம் நடக்கிற நேரம், கழனியில் ஆள் நிற்கிற நேரம். அந்த நேரத்தைப் பார்த்து மணி அடிக்கச் சொன்னவர் வேலை செய்கிறவர்களின் சுபாவம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அந்த நாளில் திருச்சியில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில் அது. வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து, சுழலும் சக்கரத்தில் பொடிக் கல்லை வைத்துக் கண் வலிக்கத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி கேட்டால் அங்கே பாதிப் பேர் கல்லைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். கண்ணை மூடி, உதடு அசைய, இரண்டு நிமிஷம். பிறகு மறுபடியும் கல். எண்ணிக்கைக் கூலிக்காரனுக்கு இரண்டு நிமிஷம் என்பது காசு. மாதச் சம்பளக்காரர்கள் தங்கள் முதலாளியின் நேரத்திலிருந்து எடுத்துக் கடவுளுக்குக் கொடுக்கலாம். இவர்கள் தங்கள் சொந்தக் காசிலிருந்து கொடுத்தார்கள். அது எனக்கு அப்போது தெரியவில்லை. சக்கரத்தின் சத்தம் திடீரென்று குறைந்துபோவதுதான் வேடிக்கையாக இருந்தது.

மில்லே என்ற பிரெஞ்சு ஓவியர் இந்த மணியைத்தான் படமாக எழுதியிருக்கிறார். 1859-இல் முடித்த படம், பாரிஸில் இருக்கிறது. அதன் பிரதி ஒன்றை நம் ஊர் வீடுகளிலேகூடப் பார்க்கலாம். உருளைக்கிழங்கு தோண்டும் ஓர் ஆணும் பெண்ணும். மண்ணில் குத்தி நிறுத்திய கவைமுள், கால்மாட்டில் கூடை. தூரத்தில் ஒரு கோவில் கூம்பு. இருவரும் தலை குனிந்து நிற்கிறார்கள். தம் சிறுவயதில் மணிச்சத்தம் கேட்டதும் பாட்டி தங்களை வேலையை நிறுத்தச் சொன்னதை நினைத்தே எழுதினதாக மில்லே சொல்லியிருக்கிறார். படத்தில் நான் பார்ப்பது கூடையைத்தான். கூடை நிறையவில்லை. வேலை முடியவில்லை. முடிந்த பிறகு ஜெபம் பண்ணலாம் என்று அவர்கள் நினைத்திருந்தால் இருட்டிப் போயிருக்கும்.

இத்தனையும் நான் யோசிக்க நேர்ந்தது ஒரு சிநேகிதியால். என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஸ்ரீரங்கத்தில் வீடு, திருச்சியில் பாங்க் உத்தியோகம். விடிகாலை நாலரைக்கு எழுந்திருக்கிறவள். மாமியார் படுத்த படுக்கை. அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி புகட்ட வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. நாலு சாப்பாட்டு டப்பா. கணவர் நல்லவர்; ஆனால் ஷிப்ட் வேலை. எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் கணக்கு நேராகிற வரைக்கும் கவுண்டரை விட்டு எழுந்திருக்க முடியாது. ராத்திரி பிள்ளைகளின் பாடம். பிறகு மறுபடியும் மாமியார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் அவள் என்னிடம் கேட்டாள்: "அக்கா, ஒரு வருஷமா நான் பத்து நிமிஷம் முழுசா முட்டி போட்டு ஜெபம் பண்ணினது கிடையாது. நான் விசுவாசின்னு சொல்லிக்கலாமா?"

தவக்காலத் தியானத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார் சொன்னது அவள் மனத்தில் முள்ளாகத் தைத்திருந்தது. விடியுமுன் எழுந்து ஒரு மணி நேரம் ஏகாந்தமாகக் கடவுளோடு இருக்காதவன் கிறிஸ்தவனே அல்ல என்றாராம். அவர் சொன்னது தப்பென்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஏகாந்தம் என்பது ஒரு தனி அறையும், மூடக்கூடிய ஒரு கதவும், அந்தக் கதவுக்கு வெளியே நம்மை அழைக்காத மனிதர்களும் உள்ளவர்களுக்குக் கிடைப்பது. அவள் வீட்டில் கதவை மூடினால் மாமியார் கூப்பிடுவது கேட்காது.

வீட்டுக்கு வந்து மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். பிரசங்கியார்கள் விடியற்கால ஜெபத்துக்கு ஆதாரம் காட்டும் இடம் அது. கப்பர்நாகூமில் இயேசுவுக்கு ஒரு முழு நாள் வேலை: ஜெப ஆலயத்தில் போதனை, சீமோனின் மாமியாருக்குக் காய்ச்சல், பொழுது சாய்ந்ததும் ஊரே வாசலில். அடுத்த நாள் இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபம் செய்கிறார். அது வரையில் எல்லோரும் சொல்வார்கள். அடுத்த வரியை அவ்வளவாகச் சொல்வதில்லை. சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டுவிடுகிறார். அவருடைய ஜெபத்துக்கே இடைஞ்சல் வந்திருக்கிறது! இடைஞ்சல் வந்த ஜெபம் கணக்கில் சேராது என்றால் அதுவும் சேராது.

இதற்கு நேர் எதிராக ஒரு சமாதானம் உண்டு. 'செய்கிற வேலையே ஜெபம், தனியாக எதற்கு?' என்பது. கேட்க இனிமையாக இருக்கிறது. எழுத்தாளர்களுக்கு ரொம்பவும் பிடித்த சமாதானம். ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. வேலை நம்மை விழுங்குகிற சுபாவம் உள்ளது. ஒரு தரமாவது நிறுத்தி, இது யாருக்காக என்று கேட்டுக்கொள்ளாத வேலை, மாலைக்குள் வெறும் வேலையாகவே ஆகிவிடுகிறது. சக்கரத்திலிருந்து கல்லை எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் வேண்டுமென்பதில்லை. ஆனால் எடுக்க வேண்டும்.

எங்கள் ஊரிலேயே இதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். தெப்பக்குளத்தருகே கிறிஸ்து நாதர் ஆலயம் என்று ஒரு பழைய கோவில். 1766-இல் சுவார்ட்ஸ் ஐயர் கட்டியது. ஜெர்மனியில் பிறந்து 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1762 முதல் திருச்சியில் ஊழியம் செய்தவர். தமிழும் பாரசீகமும் மராத்தியும் இந்துஸ்தானியும் படித்தார். கோட்டைச் சிப்பாய்களுக்குப் போதகர். பின்னாளில் ஹைதர் அலியிடம் கம்பெனியார் தூது அனுப்பியதும் அவரைத்தான். அப்பேர்ப்பட்டவருடைய நாளுக்கு இரண்டு முளைகள் இருந்தன. காலையில் உபதேசியார்களைக் கூட்டி ஜெபம் செய்து ஊர்களுக்கு அனுப்புவார்; மாலையில் திரும்பி வந்தவர்களிடம் நடந்ததைக் கேட்டு மறுபடியும் ஜெபம். நடுவிலே ராஜாவும் சண்டையும் பஞ்சமும் எது வேண்டுமானாலும் வரலாம். கயிற்றின் இரண்டு முனையும் கட்டியிருந்தால் நடுவில் எவ்வளவு ஆடினாலும் அறுந்துபோவதில்லை.

இன்னொருவர் எங்கள் ஜாதி; அதாவது நாவல் எழுதுகிற ஜாதி. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-இல் திருச்சிக்குப் பக்கத்துக் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பிறகு முன்சீப் ஆனார். முன்சீபுக்கு ஓய்வேது? வரப்புச் சண்டை, பங்காளிச் சண்டை, பொய்ச் சாட்சி என்று கட்டுக்கட்டாக வழக்குகள். அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1859-இல் நீதிநூல் வெளியிட்டார். தேவமாதா அந்தாதி பாடினார், திருவருள் மாலை பாடினார், சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் பாடினார். 1879-இல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரத்தைத்தான் நாம் தமிழின் முதல் நாவல் என்று கொண்டாடுகிறோம். என்னைக் கவர்வது அவர் எழுதிய அளவல்ல. நாளெல்லாம் கண்ணில் பட்டதையே அவர் கடவுளிடம் கொண்டுபோனார். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டியபோது பஞ்சத்தையே கீர்த்தனையாக்கி முறையிட்டார். சொந்தப் பணத்தில் கஞ்சியும் ஊற்றினார். உலக விஷயத்தையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற ஜெபமல்ல அது. செருப்போடு, தூசியோடு உள்ளே நுழைந்த ஜெபம்.

என் சிநேகிதியிடம் அடுத்த வாரம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஒரு நாளில் உன்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாத நேரம் எது?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பஸ்ஸு பாலத்து மேல போறப்பதான் அக்கா" என்றாள்.

மாம்பழச் சாலையில் ஏறினால் சிந்தாமணி வரைக்கும் காவிரிப் பாலம். நெரிசல் இல்லாவிட்டால் மூன்று நிமிஷம்கூட ஆகாது. முன்னால் மலைக்கோட்டை, பின்னால் ராஜகோபுரம், கீழே தண்ணீரோ மணலோ, அந்தந்த மாதத்தைப் பொறுத்து. அவள் ஏற்பாடு இதுதான். பாலத்தின் முதல் கம்பம் வந்ததும் ஒரு பரலோக மந்திரம். பிறகு மூன்று பேர் பெயர். தினமும் முதல் பெயர் மாமியாருடையது. மூன்றாவது பெயர் சில நாளில் முந்தின சாயங்காலம் கவுண்டரில் அவளிடம் கத்தின வாடிக்கைக்காரருடையதாக இருக்கும். பெயர் தெரியாவிட்டால் டோக்கன் நம்பர். மாலையில் திரும்பும்போது அதே பாலத்தில் ஒரு நன்றி.

2022-இல் பழுது பார்ப்பதற்காகப் பாலத்தை மூடினார்கள். சில மாதம் பஸ் எல்லாம் சுற்றுவழி போயிற்று. நான் கேலியாக, "பாலம் மூடினதால் கடவுளுக்கும் விடுமுறையா?" என்றேன். "இப்ப சுத்திப் போறதால இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்க முடியுதுக்கா" என்றாள். எதிலே கட்டினோம் என்பது பெரிதில்லை, கட்டினோமா என்பதுதான் விஷயம் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

மாமியார் காலமாகி இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடிகாலையில் அவளுக்கு அரை மணி அவகாசம் வந்திருக்கிறது. முதல் வாரம் அந்த அரை மணி பெரிய காலி வீடு மாதிரி பயமுறுத்தியதாம். அழுகைதான் வந்ததாம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், பாலத்தில் சொல்கிற வரிசையிலேயே ஆரம்பித்திருக்கிறாள். பழக்கத்தால் முதலில் வந்த பெயர் மாமியாருடையது. அவருக்காக இனி என்ன கேட்பது என்று ஒரு கணம் திகைத்து, பிறகு ஆத்ம சாந்திக்காகக் கேட்டாளாம்.

அவகாசம் வந்தால் பக்தி தானாக வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அவகாசம் வரும்போது பேசப் பழகியிருக்க வேண்டுமே! மூன்று நிமிஷம் பேசிப் பழகாதவனுக்கு அரை மணி கிடைத்தால் தூக்கம்தான் வரும். உங்கள் ஊரில் காவிரி இல்லாமல் இருக்கலாம், பாலம் இல்லாமல் இருக்கலாம். பால் பொங்கி வரும் வரை அடுப்பண்டை நிற்கிறீர்கள் அல்லவா? அதுவே போதும், ஆரம்பிக்க.